குதிரையோட்டி சாமுவேல் சிப்னி

குதிரைப் பந்தயம் என்றவுடன் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பது இயல்பு. கைப்பொருளை இழந்து குடும்பத்தைத் தெருவில் விட்டவர்களின் கதைகளே நம் காதில் அதிகம் விழுந்திருக்கின்றன. ஆயினும், பணம் வைப்போர் ஒருபுறமிருக்க, உயிரையே பணயமாக வைத்துக் குதிரையின் முதுகில் அமர்ந்திருப்பவன் ஒருவன் உளன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் அவனுடைய தொழிலிலே எது பிழை, எது திறமை என்று பிரித்தறிவது எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒரு விசாரணை இதற்குச் சான்று. விசாரணை என்று சொல்லுகிறேனேயன்றி, அங்கே நீதிமன்றமும் இல்லை; குற்றப் பத்திரமும் இல்லை. ஆனால் தண்டனை மட்டும் இருந்தது. அதனைச் சுமந்தவர் சாமுவேல் சிப்னி.

சிப்னி 1753ஆம் ஆண்டளவில் நோர்போக் மாகாணத்திலே பிறந்தவர். பதினேழு வயதளவில், 1770இல், ஆங்கிலக் குதிரைப் பந்தயத்தின் தலைநகரென்று சொல்லத்தக்க நியூமார்க்கற் நகரை அடைந்து ஒரு குதிரை இலாயத்திலே வேலைக்கமர்ந்தார். குதிரைக்குப் புல்லிடுவதும் உடல் தேய்ப்பதுமாகத் தொடங்கும் அத்தொழிலில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவர். சிப்னியோ மூன்றாண்டு கழிவதற்குள், குதிரையோட்டும் வித்தையிலே தம்மை விஞ்சியவர் எவருமிலர் என்னும் எண்ணத்துக்கு வந்துவிட்டார். அவ்வெண்ணத்தைப் பிற்காலத்தில் தாம் எழுதிய நூலிலும் கூச்சமின்றிப் பதிந்து வைத்திருக்கிறார். அடக்கம் என்பது அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டையில் மடிப்புச் சரிகைகள், காலணியிலே நாடாப் பூக்கள், தொப்பியின் கீழே தொங்கும் சுருள் மயிர் என்று, பிரபுக்களே திரும்பிப் பார்க்கும்படி உடுத்துத் திரிந்தார். தொழிலாளி ஒருவன் இவ்வாறு தலைநிமிர்ந்து நடப்பதைப் பொறுத்துக்கொள்ளும் காலமன்று அது. பின்னர் நேர்ந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அவருடைய வித்தையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் கிடக்கிறது. அக்காலத்து ஓட்டிகள் பலர் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து, சவுக்கும் குதிமுள்ளுமாகத் தொடக்கத்திலிருந்தே குதிரையை விரட்டுவர். சிப்னியின் முறை இதற்கு நேர்மாறானது. வாயிரும்பு குதிரையின் வாயை உறுத்தலாகாது, வாரை இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய பட்டிழையென்று எண்ணிக்கொண்டு பிடித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் குதிரை பிற குதிரைகளுக்குப் பின்னே தளர்ந்த வாருடன் சோம்பலாக வருவது போலத் தோன்றும். வெற்றிக் கம்பம் அண்மித்த பின்னரே, சேமித்து வைத்த வலிமையனைத்தையும் ஒரே பாய்ச்சலிலே வெளிப்படுத்துவார். ‘சிப்னிப் பாய்ச்சல்’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. குதிரையின் உள்ளம் அறிந்து தேரோட்டிய நளனைப் படித்தவர்களுக்கு இத்தகைய கைத்திறன் புதுமையாகத் தோன்றாது. ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்து உண்டு. வெல்வதற்காகக் காத்திருப்பவனும், தோற்பதற்காகப் பின்தங்குபவனும் பந்தயத்தின் முக்கால் பங்கு தூரம் வரை ஒரே மாதிரியாகவே காட்சியளிப்பர்.

எப்சம் திடலிலே பெட்டைக் குதிரைகளுக்கென நடைபெறும் ஓக்ஸ் பந்தயத்தை 1782, 1783, 1789, 1790 ஆகிய நான்கு ஆண்டுகளில் சிப்னி வென்றார். 1789இல் பெட்போர்ட் கோமகனாரின் ஸ்கைஸ்கிரேப்பர் என்னும் குதிரையிலேறி டேர்பி பந்தயத்தையும் வென்றார். அப்பொழுது வேல்ஸ் இளவரசராயிருந்தவர், பின்னர் நான்காம் ஜோர்ஜ் என முடிசூடியவர். கடன் வாங்குவதிலும் குதிரை வாங்குவதிலும் அவருக்கு இணையில்லை. அவர் 1790 யூலையில் சிப்னியைத் தமது ஓட்டியாக அமர்த்தி, ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 200 கினி தருவதாக ஏற்றுக்கொண்டார். இலாயத்துப் பையனாக வந்தவருக்கு அரச குடும்பத்தின் ஆயுட்காலச் சம்பளம்! இதற்கு மேல் அவர் எதை விரும்பியிருக்க முடியும்?

அக்காலத்துப் பந்தய ஒழுங்குகளை இன்றைய கண்கொண்டு நோக்கினால் வியப்பாக இருக்கும். இன்று பிரித்தானியாவிலே ஓட்டி ஒருவர் கவனமின்றிக் குறுக்கே சாய்ந்து அயற்குதிரையின் வழியை மறித்தால், மேற்பார்வையாளர் உடனே விசாரணை தொடங்குவர். பல கோணங்களிற் பிடித்த ஒளிப்படக் காட்சிகளை ஓட்டிகளையும் வைத்துக்கொண்டே ஓடவிட்டுப் பார்ப்பர். பிழை கவனக் குறைவினால் நேர்ந்ததா, அபாயத்தைப் பொருட்படுத்தாமற் செய்ததா என்று தரம்பிரித்து, இத்தனை நாள் குதிரை ஏறலாகாது என்று தடை விதிப்பர். தடை பெற்றவர் மேன்முறையீடு செய்யலாம். சிப்னியின் காலத்தில் இவையெதுவும் இல்லை. இரு குதிரைகள் தனித்து ஓடும் போட்டிகளிலே, ஒருவரையொருவர் குறுக்கே மறிக்கலாம், இடிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது! இன்று தண்டனைக்குரியது அன்று உடன்பாட்டுக்குரியது. ஓட்டிகள் தாமே பந்தயப் பணம் கட்டுவதும் அக்காலத்தில் தடுக்கப்படவில்லை. இன்று அது முற்றாக விலக்கப்பட்டிருக்கிறது. 1750ஆம் ஆண்டளவிலே பிரபுக்கள் சேர்ந்து அமைத்த ஜொக்கி கிளப் நியூமார்க்கற்றில் அதிகாரம் செலுத்தியது. பெயர்தான் ஜொக்கி கிளப். ஜொக்கி ஒருவனும் அதில் அங்கத்தவனல்லன். குதிரைகளுக்கு உடைமையாளராயிருந்தவர்களே அங்கு விதி செய்பவர்களும் நீதி சொல்பவர்களுமாயிருந்தனர்.

இனி அந்த இரண்டு நாள்களுக்கு வருவோம். இளவரசரிடம் எஸ்கேப் என்றொரு குதிரை இருந்தது. ‘தப்பியது’ என்று அப்பெயருக்குப் பொருள். 1791 ஒக்டோபர் 20ஆந் திகதி நியூமார்க்கற்றிலே இரண்டு மைல் பந்தயமொன்றில் நான்கு குதிரைகள் ஓடின. எஸ்கேப்பே வெல்லுமென்று உலகம் நம்பியது. அதன் மேல் இரண்டு கினி கட்டியவருக்கு ஒரு கினிதான் இலாபம் என்ற நிலை. சிப்னி ஓட்டினார். நான்கிலும் கடைசியாக வந்தது எஸ்கேப். மறுநாள், அதே குதிரை, அதே ஓட்டி. தூரம் மட்டும் நான்கு மைல். முதல்நாளில் தன்னை முந்திய ஸ்கைலார்க் என்னும் குதிரையும் அன்று எதிரே நின்றது. தோற்ற குதிரையை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒன்றுக்கு ஐந்து என்று கூவினர். எஸ்கேப் வென்றது.

திடல் கொதித்தெழுந்தது. முதல்நாள் வேண்டுமென்றே வாரை இழுத்துப் பிடித்துத் தோற்று, விலை ஏறிய பின் மறுநாள் வென்று பணம் சுருட்டிவிட்டார்கள் என்ற பேச்சுப் பரவியது. சிப்னி பெருந்தொகை வென்றாரென்றும், இளவரசருக்கும் இதிற் பங்குண்டென்றும் கூடச் சிலர் முணுமுணுத்தனர். சிப்னி கூறிய விளக்கமோ மிக எளிது. முதல்நாள் குதிரைக்கு உடற்பயிற்சி போதாதிருந்தது; கடுமையாக ஓடி வியர்த்தபின் மறுநாள் அதன் மூச்சுத் தெளிந்தது; மேலும் அது நெடுந்தூரத்துக்கே உரிய குதிரை. இரண்டாம் நாளிலே தாம் கட்டியது 20 கினி மாத்திரமே என்றார். இவற்றைச் சத்தியக் கடதாசியாகவும் எழுதிக் கொடுத்தார்.

ஜொக்கி கிளப்பின் மேற்பார்வையாளர் மூவர் விசாரித்தனர். அவர்களுள் முதல்வர் சேர் சார்ள்ஸ் பன்பரி. 1780இல் நடந்த முதலாவது டேர்பியை வென்ற டயமெட் என்னும் குதிரையின் சொந்தக்காரர். மற்றையோர் டட்டன், பன்ரன் என்பவர்கள். சிப்னியின் விளக்கம் அவர்களைத் திருப்திப்படுத்தவில்லை. முடிவிலே பன்பரி இளவரசரிடம் சென்று, இனியும் சிப்னி அவர் குதிரைகளை ஓட்டுவதாயின் கனவான் எவரும் தம் குதிரையை அவற்றுக்கெதிரே விடமாட்டார் என்று அறிவித்தார். குற்றம் இன்னதென்று அதிற் சொல்லப்படவில்லை. தண்டனைக்குக் காலவரையறையும் இல்லை. ஆனால் அதன் பொருள் எல்லாருக்கும் விளங்கிற்று.

இளவரசரைப் பற்றி வரலாற்றாசிரியர் நல்லதாகச் சொல்வது சொற்பம். ஆயினும் இவ்விடத்திலே அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்பதை மறைத்தலாகாது. வேலையாளைத் துரத்திவிட்டுத் தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வழியிருந்தது. அதனை அவர் செய்யவில்லை. தாமே நியூமார்க்கற்றை விட்டு விலகினார். சிப்னியின் 200 கினியையும் தொடர்ந்து கொடுத்து வந்தார். 1805இல் கிளப் அவரை மீண்டும் வருமாறு எழுதியழைத்த போதும் பழைய நாள்களைப்போல அவர் அங்கே திரும்பவில்லை.

சிப்னி குற்றவாளிதானா? இருநூறாண்டுகளுக்குப் பின்னும் இதற்கு விடை கூறுவாரில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். குதிரை எந்திரமன்று, ஒருநாள் ஓடியவாறே மறுநாளும் ஓடவேண்டுமென்ற நியதி அதற்கில்லை. இரண்டு மைலில் தோற்ற குதிரை நான்கு மைலில் வெல்வதும் நடக்கக்கூடியதே. ஆனால் பணம் கட்டும் ஓட்டியின் சொல்லை யார் நம்புவார்? இருபது கினியே ஆயினும், இரண்டாம் நாளிலே கட்டியது அவருக்கெதிரான சாட்சியாகிவிட்டது. அதைவிடப் பெரிய சாட்சி அவருடைய கை. தளர்ந்த வாரும் பின்தங்கிய ஓட்டமும் வெற்றி கிடைத்த நாள்களில் மேதைமை எனப்பட்டன. தோற்ற நாளில் அவையே வஞ்சகம் எனப்பட்டன. அவர் கையில் அன்று என்ன நிகழ்ந்தது என்பதை எஸ்கேப் ஒன்றே அறியும். பன்பரியின் பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. மன்னர் குடும்பத்தவரென்றும் பாராமல் அவர் நிமிர்ந்து நின்றது பந்தயத் திடலின் ஒழுங்குக்கு அத்திவாரமாயிற்று என்று பாராட்டுவோர் பலர். அது உண்மையே. ஆயினும் அந்த அத்திவாரத்தின் கீழே நசுங்கியவர் இளவரசரல்லர்.

அதன் பின்னர் சிப்னியின் வாழ்க்கை இறங்குமுகமாயிற்று. 1804இல் தமது வரலாற்றையும் வித்தையையும் எஸ்கேப் விவகாரத்தையும் ஒன்றாக்கி ‘ஜீனியஸ் ஜெனுயின்’ என்னும் நூலை வெளியிட்டார். மெய்யான மேதை என்பது அத்தலைப்பின் கருத்து. யாரைக் குறித்தார் என்று சொல்லவேண்டியதில்லை! விலை ஐந்து பவுண். அக்காலத்துக்கு அது கொள்ளை விலை. நூலின் நடை கரடுமுரடானது. எனினும் வாதாட வாய்ப்பளிக்கப்படாத ஒருவன் தானே தன் வழக்கை எழுதிவைத்த ஆவணமென்ற முறையில் அதற்கு மதிப்புண்டு.

தந்தையின் மானம் பிள்ளைகளையும் வாட்டியது. இளவரசரின் பந்தய அலுவல்களைக் கவனித்து வந்த கேணல் லீ என்பவர் சிப்னியைப் பழித்தாரென்று மூத்த மகன் வில்லியம் சினங்கொண்டு, 1803இல் அவரை அடித்துவிட்டு ஆறுமாதம் சிறையிருந்தான். இந்தக் கேணல் லீ, கவிஞர் பைரனின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரியாகிய அகஸ்ராவைப் பின்னர் மணந்தவர். பைரனின் வரலாற்றைப் படிப்போர் அந்தப் பெயரைக் கண்டிருப்பர். இளைய மகன் சாமோ தந்தையின் வித்தையை அப்படியே கற்றுக்கொண்டான். பின்னாளில், 1818இலும் 1820இலும் டேர்பியை வென்றான். 1818இல் அவன் ஏறிய குதிரைக்கு அவன் பெயராகிய சாம் என்பதே பெயர்.

அவ்வெற்றிகளைக் காணத் தந்தை இருக்கவில்லை. தம் கொள்கைக்கேற்பப் புதுவகையான ஒரு வாயிரும்பை அமைத்து, அதனை விற்றுப் பிழைக்கலாமென்று சிப்னி இலண்டனிலே முயன்றார். செலவு மிகுந்தது, வரவு இல்லை. 1806இல் தமது ஆயுட்காலச் சம்பள உரிமையையே 1,260 பவுணுக்கு விற்றார். அதுவும் கரைந்தது. சேணத் தொழிலாளி ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய கடனுக்காகக் கடன்காரரை அடைக்கும் பிளீற் சிறைக்குப் போனார். 1807 ஜனவரியில், ஐம்பத்துமூன்று வயதளவிலே, அங்கே இறந்தார்.

இன்றும் ஆங்கிலக் குதிரை இலாயங்களில் ‘சிப்னி’ என்றொரு வாயிரும்பு உண்டு. முன்னங்கால் தூக்கி முரண்டு பிடிக்கும் குதிரைகளைக் கைப்பிடித்து நடத்திச் செல்வதற்கு அதனை மாட்டுவர். அதனைக் கையிலெடுக்கும் இலாயத்துப் பையன்களுக்கு அஃதொரு மனிதனின் பெயரென்பது பெரும்பாலும் தெரியாது.