ஸ்கேன் இல்லாத காலத்தில் மூளைக் கட்டியைக் கண்டுபிடித்தது எப்படி? டாக்டர் பி.ராமமூர்த்தியின் கதை

விடாத தலைவலின்னு போனா, இன்னைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடறாங்க. ஆனா உலகத்திலேயே முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-ல்தான், லண்டனில். அதற்கு 21 வருஷம் முன்னாடியே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கிவிட்டார் டாக்டர் பி.ராமமூர்த்தி.

யார் இவர்?

1922-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பு. 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பிறகு இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி. 1950-ல் அவர் சென்னை திரும்பியபோது, நாட்டின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறைக்கு ஒரு வயசுதான். அது வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கிய நால்வரில் இவர்கள் இருவரும் உண்டு.

ஸ்கேன் இல்லாம எப்படி?

முதல் கருவி, கண்ணுக்குள் பார்க்க உதவும் கையடக்க விளக்கு. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால், பார்வை நரம்பு கண்ணில் நுழையும் இடம் வீங்கும். அது தெரிந்தால் ஆபத்து உறுதி. எந்தக் கை பலவீனமாச்சு, வலிப்பு எந்தப் பக்கம் தொடங்குச்சு, நடை தள்ளாடுதா என்று விசாரித்தே கட்டி இருக்கும் இடத்தை ஓரளவு கணிப்பார்கள்.

அடுத்தது எக்ஸ்ரே. சாதா எக்ஸ்ரேயில் மூளை தெரியாது. அதனால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு, மூளை அறைகளில் இருக்கும் நீரை எடுத்துவிட்டு காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். காற்று நிரம்பிய அறை ஒரு பக்கமா நகர்ந்திருந்தால், எதிர்ப்பக்கம் ஏதோ தள்ளுதுன்னு அர்த்தம். நோயாளிக்கு இது ரொம்ப வேதனையான சோதனை.

கட்டி எல்லாம் கேன்சரா?

சென்னை மருத்துவர்கள் சந்தித்த பெரிய கேள்வி இதுதான். மண்டையைத் திறந்து பார்த்தால், பலருக்கு இருந்தது காசநோய்க் கட்டி. அதே தலைவலி, அதே வலிப்பு. ஆனா காரணம் டி.பி. கிருமி. மேல்நாட்டுப் புத்தகங்களில் ஓரமாக இருந்த இந்த நோய், இங்கே அன்றாடம். டி.பி. மருந்து வருவதற்கு முன் இதை அறுத்து எடுத்தால், கிருமி மூளை உறைக்குப் பரவி நோயாளி இறக்கும் அபாயம் அதிகம். மருந்துகள் வந்த பிறகு அந்த நிலைமை மாறியது. காசநோய்க் கட்டியை எப்படி அடையாளம் காண்பது என்று ராமமூர்த்தி குழு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியது. இன்று இத்தகைய கட்டிகள் பல, கத்தி படாம மாத்திரையிலேயே கரைகின்றன.

பணம் இல்லாதவருக்கு?

அரசு மருத்துவமனையில் தொடங்கிய பணியை, பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் தொடர்ந்தார். வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் என்பது அந்த மருத்துவமனையின் கொள்கை. 1973-ல் பத்மபூஷண் பெற்ற அவர், 2003 டிசம்பரில் மறைந்தார்.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களில் ஸ்கேன் மெஷின் பக்கத்துத் தெருவில் இல்லை. ஆனா அறிகுறியைக் கவனிக்க மெஷின் வேண்டாம். காலையில் எழுந்ததும் தலைவலி, கூடவே வாந்தி, மங்கும் பார்வை, புதுசா வரும் வலிப்பு... இவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லலாம். வலிப்பு வந்தவர் தனியா படகில் போகக் கூடாது. தண்ணீரில் அது உயிருக்கே ஆபத்து. காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போனால் வீணாவது நாட்கள்தான்.

கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராமமூர்த்தி பணியாற்றிய அதே ஜி.எச். இப்போது அங்கே ஸ்கேன் இருக்கிறது. கட்டி பெருசாகும் முன் அங்கே போய்ச் சேருவதுதான் பாக்கி.