ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்

நேரம் போதவில்லை என்பது பல்கலைக்கழக மாணவர்களாகிய நம் எல்லாருக்கும் பொதுவான குறை. விரிவுரை, இடுபணி, விடுதி நடவடிக்கை, பேரவைக் கூட்டம் என ஒன்றை ஒன்று நெருக்குகின்றன. இவற்றுக்கிடையே இறைவனுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று எண்ணும் கிறிஸ்தவ மாணவன் நான். எதை முதலில் வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஓட்டக்காரர் எரிக் லிட்டல்.

1902ஆம் ஆண்டு சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார் லிட்டல். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து சென்ற மிஷனரிகள். சிறுவயதிலேயே அண்ணனுடன் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெற்றோரோ சீனாவில் இருந்தார்கள். 1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவில் ரக்பி ஆடினார். ஓட்டத்தில் கவனம் செலுத்துவதற்காக, புகழ் தந்த அந்த ஆட்டத்தை விட்டார். எல்லாவற்றையும் ஒருசேரக் கையில் வைத்திருக்க முடியாது என்பதை நம் வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டி. 100 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வெல்வார் என்று பிரிட்டன் எதிர்பார்த்தது. ஆனால் அதன் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமையன்று அமைந்தது. ஞாயிறு இறைவனுக்குரிய ஓய்வு நாள் என்று நம்பிய லிட்டல் அதில் ஓட மறுத்தார். ஞாயிறன்று நடந்த தொடர் ஓட்டங்களையும் தவிர்த்தார். நாட்டைவிட நாள் பெரிதா என்று பலர் குறை கூறினர்.

1981இல் வெளிவந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில், பாரிசுக்குக் கப்பலேறும் வேளையில்தான் அவருக்கு இச்செய்தி தெரிய வருவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே கால அட்டவணை அவருக்குத் தெரியும். முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு, கிடைத்த மாதங்களை 400 மீட்டர் பயிற்சிக்குச் செலவிட்டார். எனக்கு இதுவே திரைப்படத்தைவிடச் சிறந்த பாடமாகத் தெரிகிறது. 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். ஜூலை 11ஆம் நாள் 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடி, உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். அடுத்த சில நாள்களில் பட்டமும் பெற்றார். சக மாணவர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர்.

அப்புகழின் உச்சியில் நின்றவர் மறு ஆண்டே சீனாவுக்குப் புறப்பட்டார். வயது 23. தியான்ஜின் கல்லூரியில் அறிவியலும் விளையாட்டும் கற்பித்தார். 1934இல் புளோரன்ஸ் மெக்கன்சியை மணந்தார். 1937இல், ஜப்பானியப் படையெடுப்பால் சிதைந்துகொண்டிருந்த சியாவ்சாங் என்ற கிராமப்புறப் பகுதிக்கு ஊழியம் செய்யச் சென்றார். மனைவியும் இரு மகள்களும் தியான்ஜினிலேயே இருந்தனர். 1941இல் நிலைமை மோசமடைந்தபோது, கருவுற்றிருந்த மனைவியையும் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கினார். அங்கே பிறந்த மூன்றாவது மகளை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியென் முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்து, பள்ளியோடு சிறைப்பட்டு வந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். விடுதிப் பள்ளியில் வளர்ந்த லிட்டலுக்கு அவர்களின் ஏக்கம் புரியாமலா இருந்திருக்கும்? ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் வேதியியல் கருவிகளைக் கையால் வரைந்து பாடம் நடத்தினார். முதியோருக்குத் தண்ணீர் சுமந்தார். விளையாட்டுகளை ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்று அழைத்தார்கள். இத்தனை வேலைகளுக்கும் முன்னால், விடியும் முன்பே எழுந்து, கடலை எண்ணெய் விளக்கின் ஒளியில் அறைத்தோழருடன் வேதம் வாசித்து ஜெபித்தார்.

இங்கு நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். முகாமிலும் ஞாயிறு விளையாட்டு வேண்டாம் என்றே லிட்டல் கருதினார். பொழுதுபோக வழியற்ற இளையோர் ஒரு ஞாயிறன்று தாங்களாகவே ஹாக்கி ஆடினர். நடுவர் இல்லாததால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று லிட்டலே திடலில் நடுவராக நின்றார்! தங்கப் பதக்கத்துக்காக மீறாத விதியைச் சண்டையிட்ட பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். கொள்கையில் தளர்ந்துவிட்டார் என்று சொல்லலாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஞாயிறு அவருக்கு இறைவனுடைய நாள். தம் புகழுக்காக அதைச் செலவிட மறுத்தார். பிறருடைய தேவைக்கு அதைக் கொடுத்தார்.

மூளையில் ஏற்பட்ட கட்டியால் 1945 பிப்ரவரி 21ஆம் நாள் முகாமிலேயே உயிர் நீத்தார். வயது 43. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டு மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டது.

அவருடைய எல்லா முடிவுகளும் சரியென்று என்னால் எளிதில் கூற இயலாது. பிறர் பிள்ளைகளுக்குத் தந்தைபோல் இருந்தவரின் சொந்தப் பிள்ளைகள் தந்தையின்றி வளர்ந்தார்கள். முன்னுரிமை என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு விலை உண்டு. அவ்விலையை நாம் மட்டுமே செலுத்துவதில்லை, நம்மை நேசிப்பவர்களும் செலுத்துகிறார்கள். நேர நிர்வாகப் பட்டறைகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஞாயிறு காலை ஒத்திகை என்று அறிவிப்பு வரும்போது நானும் தயங்குவதுண்டு. ஆலயமா, மேடையா? இப்போது அதற்கு முன் வேறொரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த நேரத்தை யாருக்காகக் கேட்கிறார்கள், நான் யாருக்காகக் கொடுக்கிறேன்? நண்பர்களே, நீங்கள் எச்சமயத்தவராயினும் அடுத்த பருவத்துக்கான அட்டவணையை நிரப்புமுன் இக்கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.