கேளாத கரவொலி

நுழையும்முன்

கண்ணில் உள்ள குறையைப் பிறர் விரைவில் அறிந்துகொள்வர். செவியில் உள்ள குறை வெளியே தெரிவதில்லை. எனவே, அதனை மறைப்பது எளிது. அவ்வாறு மறைப்பதால் நேரும் தனிமை, சிலவேளை அக்குறையைவிடக் கொடியதாகிவிடுகிறது. இசையே வாழ்வென இருந்த கலைஞர் ஒருவர், செவித்திறன் குறைந்தபோது முதலில் அதனை மறைத்ததையும் பின்னர் அம்மறைப்பைக் கைவிட்டதையும் இப்பாடம் கூறுகிறது.

இளமையும் இசையும்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் அமைந்த பான் நகரில், 1770ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லுத்விக் வான் பீத்தோவன் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையும் அரசவைப் பாடகர்கள். கண்டிப்பு மிகுந்த தந்தையே அவருக்கு முதல் இசையாசிரியர். பதின்மூன்று வயதில் அரசவையில் ஆர்கன் வாசிக்கும் பணியில் அமர்ந்து ஊதியம் பெற்றார். 1787இல் தாயை இழந்தார்; அதன்பின் தம்பியரைக் காக்கும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

1792இல் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஹைடனிடம் பயில வியன்னா சென்றார். முன்னேற்பாடின்றி, அந்த நேரத்துக் கற்பனையிலேயே பியானோ வாசிக்கும் ஆற்றலால் சில ஆண்டுகளில் அந்நகரத்தவரின் உள்ளங்களைக் கவர்ந்தார்.

மறைத்த துயரம்

1798ஆம் ஆண்டு அளவில், அவருடைய செவிகளில் இரவும் பகலும் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. தொலைவில் அமர்ந்தால் இசைக்கருவிகளின் உச்ச ஒலிகள் கேட்கவில்லை. நாடக அரங்கில் இசைக்குழுவினரை ஒட்டி அமர்ந்தால்தான் நடிகர் பேசுவது விளங்கியது. மெல்லப் பேசுவோரின் குரல் கேட்கும், சொற்கள் புரியா. உரக்கக் கத்தினாலோ பொறுக்க இயலாது.

இந்நிலையை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒலியதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றுகின்றன. உச்ச ஒலிகளை உணரும் செல்கள் பெரும்பாலும் முதலில் பழுதுறுகின்றன. சொற்களைப் பிரித்தறியத் துணைசெய்யும் மெய்யெழுத்துகள் பலவற்றின் ஒலி அப்பகுதியைச் சார்ந்தது. எனவேதான் குரல் கேட்டும் சொல் விளங்குவதில்லை. மனிதரில் இச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

பீத்தோவன் தம் குறையை எவரிடமும் சொல்லவில்லை. இசைக் கலைஞருக்குச் செவி கேளாது என்பது பரவினால் பகைவர்கள் என்ன சொல்வார்களோ என அஞ்சினார், கூட்டங்களைத் தவிர்த்தார். அவர் மறுமொழி கூறாதபோது, கவனக்குறைவு என்றே மற்றவர் எண்ணினர். 1801இல்தான் இளமை நண்பரும் மருத்துவருமான வேகெலருக்குக் கடிதம் வழியே உண்மையைத் தெரிவித்தார்; அதனையும் மறைபொருளாகக் காக்க வேண்டினார். மருத்துவர்கள் கூறியவாறு காதுக்குப் பாதாம் எண்ணெயைப் பயன்படுத்தியும் குளிர்நீரில் நீராடியும் பயன் விளையவில்லை.

திருப்புமுனை

1802இல் மருத்துவரின் அறிவுரைப்படி, செவிக்கு ஓய்வளிக்க ஹைலிகன்ஷ்டாட் என்னும் சிற்றூரில் தங்கினார். உடன் வந்தவர் தொலைவில் ஒலித்த குழலோசையைக் கேட்டார். பீத்தோவனுக்கு அது கேட்கவில்லை. மனம் உடைந்தவர், அக்டோபர் மாதத்தில் தம்பியருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். வாழ்வே வேண்டா என்னும் நிலைவரை தாம் சென்றதையும், படைக்க வேண்டியவற்றைப் படைக்காமல் உலகை நீங்க மனம் ஒப்பாமையால் கலை தம்மைத் தடுத்ததையும் அதில் குறித்தார். அம்மடல் அனுப்பப்படவே இல்லை. அவருடைய மறைவுக்குப்பின் அவர்தம் தாள்களிடையே கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1806இல், இசைக்குறிப்பு எழுதிய தாளொன்றில், தம் செவிட்டுத்தன்மை இனி மறைபொருளாக இருக்க வேண்டியதில்லை எனத் தமக்குத்தாமே எழுதிக்கொண்டார். குறை நீங்கவில்லை, அதனைப் பற்றிய நாணம் நீங்கத் தொடங்கியது. 1808இல் ஐந்தாம் சிம்பொனி அரங்கேறியது.

துணைக்கருவிகள்

மெல்ட்சல் என்னும் கைவினைஞர் செய்தளித்த ஊதுகுழல் வடிவச் செவிக்கருவிகளை அவர் பயன்படுத்தினார். 1814க்குப்பின் மேடையில் பியானோ வாசிப்பது ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1818 முதல், உரையாட வருவோர் தாம் சொல்ல விரும்பியதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்காட்டினர். அவர் பெரும்பாலும் வாயால் மறுமொழி கூறினார். இளமை முதல் பயின்ற இசை அவருடைய உள்ளத்தில் ஒலித்தது. நடைப்பயணத்திலும் குறிப்பேட்டை உடன் கொண்டுசென்று, உள்ளத்தில் எழுந்ததை உடனே எழுதினார்.

1824ஆம் ஆண்டு மே 7 அன்று, வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. உம்லாஃப் என்பவர் இசைக்குழுவை நடத்த, பீத்தோவன் அருகில் நின்று தாளகதியைச் சுட்டினார். அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. அவையோருக்கு முதுகு காட்டி நின்ற அவருக்கு அது கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரை மெல்ல அவையின் பக்கம் திருப்பினார். தட்டும் கைகளையும் அசையும் கைக்குட்டைகளையும் கண்டபின் அவர் தலைவணங்கினார்.

1827 மார்ச் 26இல் பீத்தோவன் மறைந்தார். அவருடைய செவித்திறன் குறைந்ததற்கான காரணம் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. அவர் காலத்தில் செவித்திறனை அளக்கும் கருவி இல்லை. மின்னணுச் செவிக்கருவி இல்லை. உள்காதில் பொருத்தும் கருவியும் இல்லை. இன்று இவையனைத்தும் உள்ளன. எனினும், குறையை உரியவரிடம் எடுத்துரைக்கும் முதல் அடியை எந்தக் கருவியும் நமக்காக எடுத்துவைக்காது. அந்த அடியை எடுத்துவைக்க அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. நாம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். காதணி ஒலிபெருக்கியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்குள் வைத்தல் நன்று. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணிநேரத்துக்கு மேல் கேட்டல் தீங்கு தரும். காதில் குச்சி, ஊக்கு முதலியவற்றை நுழைத்தலும் மருத்துவர் கூறாமல் எண்ணெய் ஊற்றுதலும் கூடா. காதில் சீழ் வடிதல், இரைச்சல் நீடித்தல், பிறர் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்தல் ஆகியன தோன்றினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரை அணுகுக. திடீரெனச் செவி கேளாமற்போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.