ஈ வளர்த்த அறிஞர்

வேலையின்றி இருப்பவனை ஈ ஓட்டுகிறான் என்பது நம் வழக்கு. ஈ வளர்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களும் உலகில் உண்டு. இவ்வாண்டு பூச்சிகளின் பரிணாமத்தை ஆராயும் கூடமொன்றில் சேர்ந்து நானும் அவர்களில் ஒருவனானேன். அத்துறைக்கு வழி காட்டிய ஓர் அறிஞரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி 1900-இல் உக்ரைனில் நெமிரிவ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். இளமையில் வண்ணத்துப் பூச்சி பிடித்துத் திரிந்தவர், பின்பு பொறிவண்டுகளிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தார். 1918-இல், கீவ் நகரம் போரால் அல்லலுற்ற நாளில், புதிய பொறிவண்டு இனம் ஒன்றைப் பற்றித் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். ஒரே இனத்து வண்டுகளில் புள்ளிகள் ஏன் வேறுபடுகின்றன? இக்கேள்வியே அவரைக் கடல் கடக்க வைத்தது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் மார்கன் என்னும் பேராசிரியர், பழ ஈக்களைப் பால் புட்டிகளில் வளர்த்து, ஜீன்கள் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்திருப்பதை மெய்ப்பித்திருந்தார். 1927 டிசம்பரில் ராக்ஃபெல்லர் உதவித் தொகை பெற்று டோப்ஷான்ஸ்கி அங்குச் சென்றார். உலகப் புகழ் பெற்ற அந்தக் கூடமோ எட்டு மேசைகள் நெருக்கியடித்த சிற்றறை! அதன் அழுக்கு அவரைத் திகைக்கச் செய்தது. ஆனால் ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடின்றி அங்கே அனைவரும் வாதிட்டனர்.

மறு ஆண்டு மார்கனுடன் கலிபோர்னியா சென்றவர், புட்டியோடு நின்றுவிடவில்லை. மலைக்காடுகளில் பொறி வைத்து ஈ பிடித்தார். அவற்றின் புழுக்களில், உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. பட்டை பட்டையாகத் தெரிபவை. சில ஈக்களில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. சான் ஹசிந்தோ மலையில் அத்தகைய வகைகளின் விகிதம் வசந்தத்தில் ஒருவாறும் கோடையில் வேறொருவாறும் மாறக் கண்டார். யுகம் யுகமாக நிகழ்வதென எண்ணிய மாற்றம், சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிந்தது! 1937-இல் வெளிவந்த அவருடைய நூல் டார்வினின் கொள்கையையும் மரபியலையும் இணைத்தது.

தாயகத்துக்கு அவர் திரும்பவேயில்லை. அங்கே மரபியலறிஞர் வவிலோவ் 1943-இல் சிறையில் மாண்டார். 1948-இல் மரபியலே தடை செய்யப்பட்டது. தாயகம் துறந்தவர் தம் கேள்வியைத் துறக்கவில்லை. 1975-இல் மறையும் வரை ஈக்களை ஆராய்ந்தார்.

ஊரை விட்டு வந்து படிக்கும் தோழர்களே, புதிய கூடத்துக்குள் நுழையும்போது பழைய ஆர்வத்தை வாசலில் விட்டுச் செல்ல வேண்டுவதில்லை. வண்டு பிடித்த கண்ணே ஈயிலும் புதுமை கண்டது.