சொல்லால் விடுதலை தேடியவர்

ஃபிரெடரிக் டக்ளஸ் 1818ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். தாம் பிறந்த நாள் எது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

சிறுவயதில் அவர் பால்டிமோர் நகரில் ஒரு குடும்பத்துக்கு வேலை செய்ய அனுப்பப்பட்டார். அந்த வீட்டு எசமானி அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தார். அவருடைய கணவரோ, படித்த அடிமை அடங்கி நடக்கமாட்டான் என்று கூறி, அதனைத் தடுத்துவிட்டார். விடுதலைக்கு வழி கல்வியே என்பதைச் சிறுவன் அன்றே உணர்ந்துகொண்டான். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களிடம் படிக்கக் கற்றான்.

ஏறத்தாழ 12 வயதில், தான் சேர்த்து வைத்திருந்த 50 காசில் ஒரு நூலை வாங்கினான். அது புகழ்பெற்ற சொற்பொழிவுகளின் தொகுப்பு. அதில் ஓர் எசமானனுக்கும் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் இடையே நடக்கும் உரையாடல் ஒன்று இருந்தது. எசமானனின் ஒவ்வொரு வாதத்துக்கும் அடிமை தக்க விடையளிக்கிறான். இறுதியில் விடுதலை பெறுகிறான். அந்தப் பகுதியை டக்ளஸ் திரும்பத் திரும்பப் படித்தார்.

1838ஆம் ஆண்டு, மாலுமியைப் போல் உடையணிந்து, இரயிலேறி வடக்கே தப்பிச் சென்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அடிமை முறையை எதிர்த்து மேடைகளில் பேசத் தொடங்கினார். இவ்வளவு திறமையாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைப் போக்க, 1845இல் தம் எசமானரின் பெயரையும் குறிப்பிட்டுத் தன்வரலாற்றை வெளியிட்டார். அதனால் மீண்டும் பிடிபடும் ஆபத்து ஏற்பட்டது. எனவே, அவர் பிரிட்டனுக்குச் சென்றார். அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி அவருக்குச் சட்டப்படி விடுதலை பெற்றுத் தந்தனர்.

1852ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், ராச்செஸ்டர் நகரில் சுதந்திர தின உரையாற்ற டக்ளஸ் அழைக்கப்பட்டார். முதலில் அவர் நாட்டை உருவாக்கிய தலைவர்களைப் பாராட்டினார். ஆனால், அது நம் சுதந்திரம் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் சுதந்திரம் என்றே மீண்டும் மீண்டும் குறிப்பிட்டார். அந்த ஒரு சொல், அவருக்கும் அவையோருக்கும் இடையே இருந்த இடைவெளியைக் காட்டியது. பின்னர், விடையை எதிர்பாராத வினாக்களை அடுக்கினார். அவற்றுக்கான விடையைக் கேட்போர் தத்தம் மனத்துக்குள் தேட வேண்டியிருந்தது. கொண்டாட்டத்தின் ஆரவாரத்தையும் சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்களின் அழுகுரலையும் அருகருகே வைத்துக் காட்டினார். இம்முரண், வாதத்தைவிட ஆழமாக உள்ளத்தைத் தொட்டது. ஆயினும், நம்பிக்கையோடுதான் உரையை முடித்தார்.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. டக்ளஸ் அதன் பின்னும் ஓயவில்லை. 1895இல், தாம் மறைந்த நாளன்றுகூட அவர் பெண்கள் உரிமைக் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டார்.

பாராட்டு, ஒரே சொல் மீண்டும் வருதல், வினா, முரண் ஆகியவை பேச்சுக்கு வெறும் அணிகலன்கள் அல்ல. கேட்க மறுக்கும் உண்மையையும் கேட்க வைக்கும் கருவிகள் அவை. ரொட்டி கொடுத்து எழுத்தைப் பெற்ற சிறுவன், அந்தக் கருவிகளைப் பிறர் விடுதலைக்காகப் பயன்படுத்தினான்.