ஆசிரியரை மறவாத தமிழ்த் தாத்தா



பள்ளிப் பருவ நினைவுகள் என்றும் இனியவை. எண்பது வயதைக் கடந்த பின்னும், தமக்கு மணலில் எழுத்துக் கற்பித்த ஆசிரியர் முதற்கொண்டு ஒருவரையும் மறவாமல் எழுதி வைத்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அவர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தஞ்சைத் தரணியில் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவரது சொந்த ஊர். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். நம் அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அந்நாளில் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். மணலே முதற் பலகை; பின்னர் பனையோலையும் எழுத்தாணியும். மாலையில் வீடு திரும்புமுன் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறவாமல் சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்க்க எத்துணை எளிய வழி!

தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணப் பிரசங்கம் செய்து, கிடைத்த வருவாயில் குடும்பம் நடத்தியவர். மகனது தமிழ்ப் பசியைத் தீர்க்க ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச் சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் கற்பித்தார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூலையும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகையையும் கற்பித்தனர். இவர்களுள் ரெட்டியாரின் பெருந்தன்மையை என்னென்பது! இவ்வளவு ஆர்வமுள்ள பிள்ளை தம்மிடமே தங்கிவிடக் கூடாது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்ல வேண்டும் என்று அவரே வழிகாட்டினார். தம் எல்லையை அறிந்து, மாணாக்கனை மேலும் உயரத்திற்கு அனுப்பி வைப்பவரன்றோ நல்லாசிரியர்!

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவானிடம் சேர்ந்தார். அவர் கட்டணம் வாங்காமல் கற்பித்த வள்ளல். ஆயினும் வறுமை அவரை விடவில்லை. வேங்கடராமனைச் சாமிநாதன் என்றே அவர் அழைத்தார். அவர் வீட்டில் சாதி சமய வேற்றுமையின்றி மாணாக்கர் பயின்றனர். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர் சாமிநாதனின் உற்ற தோழர். பெண் கல்விக்காகக் குரல் கொடுத்த கத்தோலிக்கப் பெருமகனார் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, மகாவித்துவானின் நெருங்கிய நண்பர். 1876-இல் ஆசிரியர் உயிர் பிரியும் வேளையில் சாமிநாதனும் சவேரிநாதரும் அருகிலேயே இருந்தனர்.

1880-இல் குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் மகாவித்துவானின் மாணாக்கரே. தாம் வகித்த பதவிக்குச் சாமிநாதையரே தக்கவர் என்று எடுத்துரைத்து, அவருக்கே அதைக் கிடைக்கச் செய்தார்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அவ்வளவு கற்றும் அந்நூலை ஐயர் அறியார். கல்லூரி ஆசிரியராயிற்றே என்று அவர் நாணவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, மீண்டும் மாணவராகி ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நம் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. செல்லரித்த ஏடுகளை ஐயர் தேடி அலைந்திராவிடில், நம் மண்ணின் பெருமையை நாமே அறியாது போயிருப்போம்!

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை அங்கே பணிபுரிந்தார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை நாடி வந்தன. புகழ் வந்த காலத்தும் அவர் நெஞ்சம் ஆசிரியர்களையே சுற்றி நின்றது. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயர் சூட்டினார். மகாவித்துவானின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய என் சரித்திரத்தில், அரியலூர், குன்னம், செங்கணம் ஆசிரியர்களையெல்லாம் அன்போடு நினைவுகூர்ந்தார். அது நிறைவுறுமுன் 1942 ஏப்ரல் 28-இல் அவர் மறைந்தார்.

அவ்வூர் ஆசிரியர்கள் பட்டம் பெறவில்லை. மாணவர் ஒருவர் மறவாமல் எழுதியதால் இன்றும் வாழ்கின்றனர். தங்கைகளே! நமக்கு முதலெழுத்தைக் கற்பித்தவர் பெயர் நம் நினைவில் இருக்கிறதா? இன்றே அதை ஒரு தாளில் எழுதி வைப்போம். அவர் அருகில் இருப்பின் நேரில் சென்று வணங்குவோம்.