கதவு திறந்து நின்ற துறவி: மொன்றியல் அந்திரே

கனடாவின் மொன்றியல் நகரில், மவுண்ட் றோயல் குன்றின் சரிவில், புனித சூசையப்பர் பேராலயம் எழுந்து நிற்கின்றது. அதன் வாயிலை அடைய 283 படிகள் உண்டு. அவற்றுள் 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறிச் செல்லும் யாத்திரிகர்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அந்நகரில் வாழும் எம்மவர்களுள் கத்தோலிக்கர் மட்டுமல்லாது சைவர்களும் இங்கு வந்து மெழுகுதிரி ஏற்றி வணங்குகின்றனர். மடுத் திருப்பதிக்கு மத பேதமின்றிச் சென்று பழகிய மக்களுக்கு இது புதிய வழக்கமன்று. ஆயினும், இப்பேராலயம் எழக் காரணமாயிருந்தவர் எழுத்தறிவு மிகக் குறைந்த ஒரு வாயிற்காவலர் என்பதையும், அவரும் பிழைப்புத் தேடி எல்லை கடந்து சென்ற தொழிலாளியே என்பதையும் எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அல்பிரட் பெசெற் என்பது அவரது இயற்பெயர். கியூபெக் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1845ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்தார். உயிர் தங்குமோ என்று அஞ்சத்தக்க அளவுக்கு நலிந்த குழந்தை அவர். 1855இல் மரம் வெட்டும்போது அம்மரமே மேலே விழுந்து தந்தை மாண்டார். ஈராண்டுகளில் காசநோய் தாயையும் கொண்டுசென்றது. பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்த சிறுவன் உறவினர் வீட்டில் வளர்ந்தான். சப்பாத்துத் தைத்தல், வெதுப்பகம், கொல்லுப்பட்டறை, வயல்வேலை எனப் பல தொழில்களைத் தொட்டும், உடல்நலக் குறைவால் எதிலும் நிலைக்க முடியவில்லை.

அக்காலத்தில் வறுமை காரணமாகக் கியூபெக்கின் பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆலைகளை நாடிச் சென்றனர். அல்பிரட்டும் 1863இல் அவ்வழியே சென்றார். பஞ்சாலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்தார். வேற்று மொழி ஒலிக்கும் நாட்டில் உறவின்றிக் கழித்த அந்த நான்காண்டுகள் எத்தகையவை என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

1867இல் நாடு திரும்பியவர், பங்குத்தந்தை அந்திரே புறோவன்சாலின் பரிந்துரையுடன் 1870இல் திருச்சிலுவைத் துறவற சபையை நாடினார். தாம் ஒரு புனிதரை அனுப்புவதாக அக்குருவானவர் சபையாருக்கு எழுதினாராம். தம்மை அனுப்பியவரின் பெயரையே அந்த இளைஞரும் துறவுப் பெயராக ஏற்றார். ஆனால் நோயாளியான இவரைச் சபை ஏற்கத் தயங்கியது. ஆயர் பூர்ஜேயிடம் முறையிட்ட பின்னரே இடம் கிடைத்தது. 1874இல் இறுதி வாக்குத்தத்தம் அளித்தார். மொன்றியல் நொத்தர் டாம் கல்லூரியின் வாயிற்காவலர் பணி அவருக்குத் தரப்பட்டது. துறவற சபை தமக்கு வாசலைக் காட்டியதாகவும், தாம் நாற்பது ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

கதவைத் திறப்பதும், தரையைத் துடைப்பதும், கடிதங்களைச் சேர்ப்பிப்பதும், மாணவர்க்கு முடி வெட்டுவதும் அவர் கடமைகள். கதவைத் தட்டியவர்களிடம் அவர்தம் துன்பங்களையும் கேட்டறிந்தார். புனித சூசையப்பரின் சுரூபத்தின் முன் எரியும் விளக்கின் எண்ணெயைச் சிறிது பூசி, அப்புனிதரின் பரிந்துரையை நம்பிச் செபிக்குமாறு நோயாளரிடம் சொன்னார். சுகம் பெற்றதாகப் பலர் சாட்சி கூறினர், செய்தி பரவியது.

செய்தியுடன் எதிர்ப்பும் பரவியது. நோய் பிள்ளைகளுக்குத் தொற்றுமெனப் பெற்றோர் அஞ்சினர். கல்லூரி மருத்துவர் கண்டித்தார். போலி வைத்தியர் என்றும் சிலர் ஏளனம் செய்தனர். எனவே, கல்லூரிக்கு எதிரேயுள்ள ட்ராம் வண்டித் தரிப்பிடத்தில் நோயாளரைச் சந்திக்குமாறு பணிக்கப்பட்டார். முணுமுணுக்காமல் அங்கே சென்று நின்றார். முடி வெட்டிப் பெற்ற ஐந்து சதங்களும் அன்பர் தந்த சிறு கொடைகளும் சேர்ந்து, 1904இல் குன்றின் மீது 15 அடிக்கு 18 அடி அளவான ஒரு சிற்றாலயமாயின. 1909இல் வாயிற்காவலிலிருந்து விடுவிக்கப்பட்டு அதன் பொறுப்பாளரானார். 1917இல் ஆயிரம் பேர் அமரத்தக்க கீழ்க்கோவில் எழுந்தது. 1924இல் பேராலயப் பணி தொடங்கியது.

நாம் இங்கு சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குணமாக்கியவர் நீரே என்று எவரேனும் நன்றி கூறினால் அவர் சினந்துகொள்வார். சில வேளை கண்ணீர் விடுவார். சுகமளிப்பவர் இறைவன், பரிந்து பேசுபவர் சூசையப்பர், தாம் வெறும் ஏவலாள் என்பதே அவர் நிலைப்பாடு. தமக்கென அவர் எதனையும் சேர்க்கவில்லை. பகல் முழுவதும் மக்களைச் சந்தித்து, மாலையில் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் கிடந்த நோயாளரிடம் சென்றார். களைப்பு மிகுந்த வேளைகளில் கடுஞ்சொல் கூறிவிட்டுப் பின் வருந்தியதும் உண்டு.

அவரிடம் வந்த அனைவரும் சுகமடையவில்லை. அவரைப் பிடித்திருந்த வயிற்று நோயும் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. மாவுக்கஞ்சி போன்ற எளிய உணவே அவருக்கு ஒத்துக்கொண்டது. பிறர் நலத்துக்காக மன்றாடியவர் தம் நோயைப் பொறுமையுடன் சுமந்தார். நோய் நீங்காவிடினும் இறைவன் கைவிடவில்லை என்பதே அவர் கொண்ட நம்பிக்கையின் ஆழம். அவர் மருத்துவத்துக்குப் பகைவரும் அல்லர். மருத்துவமனையொன்றிலேயே 1937ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 91 வயதில், அவர் உயிர் பிரிந்தது. கடுங்குளிரையும் பொருட்படுத்தாது பத்து இலட்சம் மக்கள் அவருடலுக்கு இறுதி வணக்கம் செலுத்தினர். நிதியின்றி 1931இல் நின்றுபோயிருந்த பேராலயப் பணி பின்னர் தொடர்ந்து, 1967இல் நிறைவுற்றது. 1982இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2010 ஒக்ரோபர் 17இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

புலம்பெயர் வாழ்வில் நோய் இருமடங்கு கொடியது. மொழி தெரியாது; அருகிருந்து தலை தடவ ஆளில்லை. அவ்வேளையில் அற்புத சுகம் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரும், மருந்தை நிறுத்துமாறு சொல்வோரும் எம்மத்தியில் தோன்றக்கூடும். அத்தகையோரை அளந்தறிய அந்திரேயின் வாழ்வு நல்லதோர் அளவுகோல் என நாம் கருதுகின்றோம். புகழையும் பொருளையும் தன் பக்கம் இழுக்காத இரக்கமே இறைவனிடமிருந்து வருவது. எம் வாசலைத் தட்டும் நோயாளிக்குக் கதவைத் திறந்து, அமர வைத்து, அவர் சொல்வதைக் கேட்பதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. அந்திரே தொடங்கியதும் அங்கிருந்துதான்.